அன்பு மட்டும் போதுமா?

குடிநோய் பற்றி நம் பங்குகளில் பேசும்போதெல்லாம் இரண்டு மருந்துகளையே நாம் முன்வைக்கிறோம். ஒன்று கண்டிப்பு, மற்றொன்று சபதம். தவக்காலத்தில் பீடத்தின்முன் நின்று, இனித் தொடேன் என்கிறார் குடும்பத் தலைவர். இல்லாள் கண்ணீர் மல்க நன்றி கூறுகிறாள். இதனை நாம் எள்ளவில்லை. சபதம் மனத்தைத் திருப்பலாம். உடலின் நோயை அது தீர்த்துவிடுமா?

பல்லாண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஓரிரு நாளில் நடுக்கமும் வலிப்பும் வரலாம். அடுத்து, இல்லாதவற்றைக் கண்டு அலறும் மனக்குழப்பம் தோன்றி உயிரையே பறிக்கலாம். உரிய மருந்தும், தயமின் என்னும் வைட்டமினும், இமைகொட்டாத கண்காணிப்பும் அவரைக் காக்கும். நாமோ பேய் பிடித்ததென்று அவரை அறையில் பூட்டுகிறோம்!

"தொண்டுக்குப் பட்டம் எதற்கு? அன்பு போதாதா?" என்பர் சிலர். எலும்பு முறிந்தவரை அன்புள்ளம் கொண்ட யாரிடமேனும் ஒப்படைப்போமா? குடிநோயாளி மட்டும் ஏன் பயிற்சியற்ற கைகளுக்கு உரியவர்?

நடுவண் அரசுக்காக எய்ம்ஸ் நிறுவனம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானோருள் ஏறத்தாழ 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாக அது கூறுகிறது. தில்லி எய்ம்சிலும் பெங்களூரு நிம்ஹான்சிலும் போதைநோய் மருத்துவத்தில் உயர்படிப்பு உண்டு. ஆனால் அது மனநல மருத்துவம் முடித்தோர்க்கே உரியது. ஊர்தோறும் தேவைப்படும் செவிலியரையும் சமூகப் பணியாளரையும் ஆற்றுப்படுத்துநரையும் யார் உருவாக்குவது? கல்லூரிகளும் மருத்துவமனைகளும் நடத்தும் நாம் வணிகவியலுக்கும் கணினிக்கும் முதுநிலை வகுப்புகள் திறந்தோம். இதற்குத் திறக்க ஏன் தயங்குகிறோம்? வருமானம் வராதென்றா?

அப்படிப்பு நோயாளியின் கட்டிலோடு நின்றுவிடலாகாது. கிணறு நஞ்சாகியிருக்க, காய்ச்சலுக்கு மட்டும் மருந்து கொடுத்தென்ன பயன்? தமிழகத்தில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் நிறுவனமே. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தோரைத் திட்டுவது எளிது. ஏன் குடித்தார்கள், எது மலிவாய்க் கிடைத்தது, யார் கண்மூடியிருந்தார்கள் என்று ஆராய்வதே பொதுச் சுகாதாரம். விலையை உயர்த்துதல், கிடைப்பதைக் குறைத்தல், விளம்பரத்தைத் தடுத்தல் ஆகியவை பலன் தருமென்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. இவற்றைச் சான்றுகளுடன் அரசின்முன் வைக்கக் கற்றவர்கள் வேண்டாமா?

நல்ல சமாரியர் இரங்கியதோடு நிற்கவில்லை. காயத்தில் எதை வார்ப்பது, எப்படிக் கட்டுவது என்று அறிந்திருந்தார். சத்திரக்காரரிடம் செலவுக்குப் பணமும் தந்தார். இரக்கம் நம்மிடம் உண்டு. அறிவையும் பணத்தையும் எப்போது தரப்போகிறோம்? ஒரே ஒரு கல்லூரியிலேனும் வரும் கல்வியாண்டில் தொடங்குவோம்.