பன்னிருவர் தேர்ந்த தலைவர்

1967 ஜனவரியில் ஜோ கிறிமண்ட் பிரித்தானிய லிபரல் கட்சியின் தலைமையைத் துறந்தார். அடுத்த தலைவரைத் தேர்ந்தவர் யார்? அக்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் பன்னிருவர்! தோர்ப்புக்கு 6 வாக்குகள், ஹூசனுக்கு 3, லபொக்குக்கு 3. பின்னிருவரும் விலகிக்கொள்ளவே தோர்ப் தலைவரானார்.

1966 பொதுத் தேர்தலில் அக்கட்சிக்கு வாக்களித்தோர் 23 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். கிடைத்த ஆசனங்களோ 12. இத்தேர்தல் முறை அநீதியென்று மேடைதோறும் முழங்கிய கட்சி, தன் வீட்டினுள்ளே அதே அநீதியை இழைத்தது. ஆசனம் வென்ற 12 தொகுதிகளுக்கே தலைவரைத் தேர்வதில் குரல். எஞ்சிய 618 தொகுதிகளில் வெயிலிலும் பனியிலும் வீடு வீடாய் ஏறி இறங்கிய தொண்டனுக்கு யாதுமில்லை. இதுவா ஜனநாயகம் என்று கேட்கிறோம்.

அருகிருந்து பழகியவரே தலைவனின் தராதரத்தை அறிவர் என்பாருமுளர். அறிந்தனரா? அவர்கள் தேர்ந்த தோர்ப் 1976 மேயில் குற்றச்சாட்டுகளின் நடுவே பதவி துறந்தார். (1979இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியல்லர் எனத் தீர்த்ததை நாம் மறைக்கவில்லை.)

அதன் பின்னரே கட்சிக்குக் கண் திறந்தது. 1976 யூலையில் சாதாரண அங்கத்தவர் வாக்களித்து டேவிட் ஸ்டீலைத் தேர்ந்தனர். தோற்றவர் ஜோன் பார்டோ. சிறு கட்சிதான். ஆயினும் தொழிற் கட்சி 1980இலும், கொன்சவேற்றிவ் கட்சி 1997இலும் பாராளுமன்ற உறுப்பினரை மாத்திரம் கொண்டே தத்தம் தலைவரைத் தேர்ந்தன.