டெல்லியில் டிரைவரே வேண்டாம் என்ற மெக்கில்ராய்: உங்கள் ஸ்விங்குக்கு எந்த லாஃப்ட், எந்த ஷாஃப்ட்?

2025 அக்டோபர் 16 முதல் 19 வரை டெல்லி கோல்ஃப் கிளப்பில் டிபி வேர்ல்டு இந்தியா சாம்பியன்ஷிப் நடந்தது. மொத்தப் பரிசுத் தொகை 40 லட்சம் டாலர். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்று, நான்கு மேஜர் பட்டங்களையும் கைப்பற்றிய மிகச் சிலரில் ஒருவராகியிருந்தார் ரோரி மெக்கில்ராய். அவரும் ஆட வந்தார். உலகில் மிக நீளமாக டிரைவர் அடிப்பவர்களில் ஒருவர் அவர். ஆனால் அந்த வாரம் அவருடைய பையில் டிரைவர் இல்லை.

காரணம் எளிது. டெல்லி மைதானத்தின் ஃபேர்வே குறுகலானது. இரண்டு பக்கமும் அடர்ந்த புதர். பந்து கொஞ்சம் விலகினாலும் தேடிக் கண்டுபிடிப்பதே பெரிய பாடு. கூடுதல் தூரத்தால் வரும் லாபத்தைவிட, வழி தவறினால் வரும் நஷ்டம் பெரிது என்று கணக்குப் போட்டு டிரைவரை வெளியே வைத்தார். அந்தப் போட்டியில் 22 அண்டர் பார் அடித்துக் கோப்பையை வென்றவர் டாமி ஃப்ளீட்வுட்.

சரி, மெக்கில்ராய் கதை நமக்கு எதுக்கு?

அலுவலக நண்பர்கள் கூப்பிட்டு டிரைவிங் ரேஞ்சுக்குப் போக ஆரம்பித்து, ஆறு மாதத்தில் 'நமக்கும் ஒரு நல்ல டிரைவர் வாங்கணும்' என்று நினைக்கும் பலரும் செய்வது இதற்கு நேர் எதிர். மைதானத்தைப் பார்ப்பதில்லை, தன் ஸ்விங்கையும் பார்ப்பதில்லை. விளம்பரத்தில் யார் அடித்தார் என்று பார்த்து வாங்குகிறார்கள். முன்னணி பிராண்டின் புது டிரைவர் ஒன்று 50,000 ரூபாயைத் தாண்டும். தப்பான லாஃப்டும் தப்பான ஷாஃப்டும் கொண்ட டிரைவரை அந்த விலைக்கு வாங்கினால் பணம் மட்டும் போகாது. அந்தக் கருவிக்கு ஏற்றபடி நம் ஸ்விங்கே வளைய ஆரம்பிக்கும். பிறகு அதைச் சரி செய்ய இன்னொரு செலவு.

லாஃப்ட் என்றால் என்ன?

டிரைவரின் முகம் செங்குத்துக் கோட்டிலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பதுதான் லாஃப்ட். கடையில் அதிகம் கிடைப்பவை 9, 10.5, 12 டிகிரி. எண் கூடக்கூட பந்து உயரமாகக் கிளம்பும், பின்சுழற்சியும் கூடும்.

'லாஃப்ட் குறைஞ்சா தூரம் கூடும்' என்ற நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது. வேகமாக அடிப்பவருக்கு இது ஓரளவு உண்மை. மெதுவாக அடிப்பவருக்கு நேர்மாறு. பந்து காற்றில் நிற்க ஒன்று வேகம் வேண்டும், இல்லையென்றால் உயரமும் போதுமான சுழற்சியும் வேண்டும். வேகமும் இல்லை, லாஃப்டும் இல்லை என்றால் பந்து பாதியிலேயே தரையிறங்கிவிடும்.

டிராக்மேன் என்ற ரேடார் கருவி நிறுவனம் வெளியிட்ட சராசரிகளைப் பாருங்கள். சாதாரண ஆண் ஆட்டக்காரரின் டிரைவர் வேகம் மணிக்குச் சுமார் 93 மைல். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைத் தொடரான எல்பிஜிஏ வீராங்கனைகளின் வேகம் சுமார் 94 மைல். ஏறக்குறைய ஒரே வேகம்தான். ஆனால் ஆண் ஆட்டக்காரரின் பந்து காற்றில் 204 யார்டு பறக்கிறது, வீராங்கனையின் பந்து 218 யார்டு.

இந்த 14 யார்டு எங்கிருந்து வந்தது? பந்து கிளம்பும் கோணமும் சுழற்சியும் ஒரு காரணம். ஆண் ஆட்டக்காரரின் பந்து 12.6 டிகிரியில், நிமிடத்துக்குச் சுமார் 3,275 சுற்றுகளோடு கிளம்புகிறது. வீராங்கனையின் பந்து 13.2 டிகிரியில், சுமார் 2,600 சுற்றுகளோடு. அதாவது உயரம் கூட, சுழற்சி கம்மி. முகத்தின் நடுவில் துல்லியமாகப் படுவது இன்னொரு காரணம். வலிமைக்கு இதில் பங்கு இல்லை, ஏனென்றால் வேகம் ஒன்றுதான்.

மேல்நோக்கி அடிக்கிறீங்களா, கீழ்நோக்கியா?

லாஃப்டைத் தேர்ந்தெடுக்க வேகம் மட்டும் தெரிந்தால் போதாது. பந்தைத் தொடும் நொடியில் கிளப் மேலே ஏறிக்கொண்டிருக்கிறதா, கீழே இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதும் முக்கியம். எல்பிஜிஏ வீராங்கனைகள் சராசரியாக 3 டிகிரி மேல்நோக்கி அடிக்கிறார்கள். அயர்னில் பழகிய புதியவர்கள் பலர் டிரைவரையும் கீழ்நோக்கி வெட்டுகிறார்கள்.

மணிக்கு 90 மைல் வேகத்தில் அடிப்பவர் 5 டிகிரி கீழ்நோக்கி அடிப்பதற்கும் 5 டிகிரி மேல்நோக்கி அடிப்பதற்கும் இடையே 20 யார்டுக்கு மேல் வித்தியாசம் வரலாம். புது டிரைவர் எதுவும் இவ்வளவு தருவதில்லை. டீயைக் கொஞ்சம் உயர்த்தி, பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேராக வைத்துப் பாருங்கள். காசு செலவே இல்லாத திருத்தம் இது.

தோராயமான வழிகாட்டி இப்படி:

மணிக்கு 85 மைலுக்குக் கீழ் என்றால் 12 டிகிரி அல்லது அதற்கு மேல்.

85 முதல் 95 மைல் வரை என்றால் 10.5 முதல் 12 டிகிரி.

95 முதல் 105 மைல் வரை என்றால் 9.5 முதல் 10.5 டிகிரி.

105 மைலுக்கு மேல் என்றால் 8 முதல் 9.5 டிகிரி.

கீழ்நோக்கி அடிப்பவராக இருந்தால் உங்கள் வரிசையில் கூடுதல் எண்ணின் பக்கம் சாயுங்கள். மேல்நோக்கி அடிப்பவர் குறைந்த எண்ணையும் முயலலாம். வேகம் எவ்வளவு என்றே தெரியவில்லையா? நன்றாகப் பட்ட டிரைவர் ஷாட் உருளாமல், காற்றில் மட்டும் 200 யார்டு போனால் உங்கள் வேகம் சுமார் 90 மைல் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷாஃப்ட்: எழுத்தை நம்பாதீங்க

ஷாஃப்டில் எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று எழுத்துகள் இருக்கும். எல் மிகவும் வளையக்கூடியது, எக்ஸ் மிகவும் விறைப்பானது. 75 முதல் 85 மைல் வரை ஏ, 85 முதல் 95 வரை ஆர், 95 முதல் 105 வரை எஸ், அதற்கு மேல் எக்ஸ் என்பது வழக்கமான கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த எழுத்துகளுக்குத் தொழில் முழுவதற்குமான பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொரு நிறுவனத்தின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். 'நான் ஸ்டிஃப் ஷாஃப்ட் ஆள்' என்று பெருமைப்படுவது, எல்லா பிராண்டிலும் ஒரே சைஸ் சட்டை சரியாக இருக்கும் என்று நம்புவது மாதிரி.

எழுத்தைவிட முக்கியமானவை இரண்டு. முதலாவது எடை. டிரைவர் ஷாஃப்ட் 40 கிராமிலிருந்து 70 கிராமுக்கு மேல் வரை கிடைக்கிறது. ரொம்ப லேசானது என்றால் சிலருக்கு வேகம் கூடும், ஆனால் ஸ்விங்கின் தாளம் தப்பும். ரொம்பக் கனமானது என்றால் பதினைந்தாவது ஹோலில் கை தளரும். பத்து பந்துக்கு அல்ல, முப்பது பந்துக்குப் பிறகும் உங்களால் அடக்கி ஆள முடிகிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது நீளம். கடையில் வரும் டிரைவர்கள் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல். நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் முகத்தின் நடுவில் படுவது கடினமாகும். ஓரத்தில் பட்டால் கூடிய வேகமும் வீண். அரை அங்குலம் குறைத்துப் பிடித்து அடித்துப் பாருங்கள். நேராகப் போகிறதென்றால் உங்களுக்குக் குறைந்த நீளம் போதும்.

ஷாஃப்ட் தப்பாக இருந்தால் எப்படித் தெரியும்? அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் பந்து தாழ்வாகப் போகும், வலது கைக்காரருக்கு வலப்பக்கம் ஒதுங்கும், கைக்குக் கட்டையைப் பிடித்த உணர்வு வரும். அளவுக்கு மீறி வளைந்தால் பந்து உயரமாக எழும், திசை ஒவ்வொரு முறையும் மாறும். இவை பொதுவான போக்குகள்தான். ஸ்விங்கில் இருக்கும் குறையும் இதே மாதிரி தோன்றலாம்.

ஸ்லைஸை ஷாஃப்ட் சரி செய்யுமா?

வலது கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் வளைந்து போவதுதான் ஸ்லைஸ். கிளப் போகும் பாதையைவிட முகம் வலப்பக்கம் திறந்திருப்பது இதன் முக்கியக் காரணம். ஷாஃப்டை மாற்றினால் கொஞ்சம் உதவலாம், மூலகாரணம் போகாது. லாஃப்டைக் கூட்டினால் பின்சுழற்சியின் பங்கு கூடி வளைவு கொஞ்சம் குறையும். அதனால்தான் ஸ்லைஸ் அடிப்பவருக்கு 9 டிகிரி பெரும்பாலும் எதிரி.

இன்னொரு விஷயம். இப்போதைய டிரைவர்களில் கழுத்துப் பகுதியைத் திருகி லாஃப்டை மாற்றலாம். பொதுவாக லாஃப்டைக் கூட்டும்போது முகம் கொஞ்சம் மூடும், குறைக்கும்போது திறக்கும். 'தூரம் வேணும்' என்று லாஃப்டைக் குறைப்பவர் தெரியாமலே தன் ஸ்லைஸைக் கூட்டிக்கொள்கிறார்.

விதிகள் எங்கே போகின்றன?

டிரைவர் தலையின் கொள்ளளவு 460 சிசிக்கு மேல் போகக் கூடாது. 2022 முதல் தொழில்முறைப் போட்டிகளில் 46 அங்குல நீள வரம்பைக் கொண்டுவர வழி செய்யப்பட்டது. முகம் எவ்வளவு துள்ளலாம் என்பதற்கும் சோதனை உண்டு. 2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்புக்கு முன் மெக்கில்ராயின் டிரைவரும் ஸ்காட்டி ஷெஃப்லரின் டிரைவரும் அந்தச் சோதனையில் தேறவில்லை. இருவரும் ஏமாற்றவில்லை. ஆயிரக்கணக்கான அடி வாங்கும்போது முகம் மெலிந்து, துள்ளல் வரம்பைத் தாண்டும். மாற்று டிரைவரோடு ஆடிய ஷெஃப்லர்தான் பட்டம் வென்றார். பழைய டிரைவர் வாங்குபவர்களுக்கும் இதில் பாடம் உண்டு: முகத்தில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

அடுத்தது பந்து. பந்து பறக்கும் தூரத்தைக் குறைக்கும் புதிய சோதனை முறையை ஆர்&ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் 2023 டிசம்பரில் அறிவித்தன. சாதாரண ஆட்டக்காரர்களுக்கு 2030ல் அது வரும், இழப்பு 5 யார்டு அல்லது அதற்கும் குறைவுதான் என்பது அவர்களின் மதிப்பீடு. சரியான லாஃப்ட் அதைவிட அதிகமாகவே திருப்பித் தரும்.

வாங்கும் முன் என்ன செய்யலாம்?

ஒன்று: டிரைவர் முகத்தில் மார்க்கர் பேனாவால் பூசி பத்துப் பந்து அடியுங்கள். எங்கே படுகிறது என்று தெரியும். அடிகள் முகம் முழுக்கச் சிதறியிருந்தால் முதலில் பயிற்சியாளர், பிறகுதான் கடை.

இரண்டு: ரேடார் கருவி உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். அதிகபட்ச தூரத்தைப் பார்க்காதீர்கள். பத்துப் பந்தின் சராசரியையும், இடம் வலம் எவ்வளவு சிதறுகிறது என்பதையும் பாருங்கள்.

மூன்று: எங்கே ஆடப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். 2,000 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் காற்று மெல்லியது, பந்து கூடுதலாகப் பறக்கும். அதே ஷாட்டைச் சென்னையில் மதியக் கடல்காற்றுக்கு எதிரே அடித்தால் சுழற்சி அதிகமான பந்து மேலே எழும்பி அங்கேயே நின்றுவிடும்.

தூரம்தான் எல்லாமா?

2021ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருவின் அதிதி அசோக் உலகத் தரவரிசையில் 200வது இடத்தில் இருந்தார். களத்தில் மிகக் குறைந்த தூரம் டிரைவ் செய்தவர்களில் ஒருவர். தன்னைவிட மிக நீளமாக அடித்த நெல்லி கோர்டாவோடு கடைசிச் சுற்றில் ஆடி நான்காவதாக முடித்தார். ஒரே ஒரு ஷாட்டில் பதக்க வாய்ப்பு போனது. அவரை அந்த இடம் வரை கொண்டுவந்தது பட்டிங்.

அதனால் கடைக்காரர் '9 டிகிரி, எக்ஸ் ஷாஃப்ட், புரோ மாடல் சார்' என்று நீட்டினால் கூச்சப்படாமல் 12 டிகிரியும் ஆர் ஷாஃப்டும் கேட்டு அடித்துப் பாருங்கள். தலையில் என்ன எண் எழுதியிருக்கு என்று ஸ்கோர் கார்டில் யாரும் எழுதுவதில்லை.