தடை கிடைத்தது, ஓவியர் யார்?



அமெரிக்க ராக் இசைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்சின் குழு 1967 டிசம்பரில் ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ என்னும் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் மேலட்டையில் இருப்பது நம் பூசையறைப் படம்! திருமாலின் விசுவரூபத்தைக் காட்டும் அச்சுப்படம் ஒன்றில், குழுவினர் மூவரின் முகங்களை ரோஜர் லா என்பவர் வரைந்து சேர்த்தார். ஹெண்ட்ரிக்சுக்கே அது பிடிக்கவில்லை. அவர் விரும்பியது தம் அமெரிக்கப் பழங்குடி மரபை. நிறுவனத்தார் ஒட்டியதோ வேறு ‘இந்திய’ மரபை!

இந்துக்களின் எதிர்ப்பை அடுத்து, 2014-இல் மலேசிய அரசு அவ்வட்டைப் படத்தைத் தடைசெய்தது. நம்மவர் மகிழ்ந்தனர். என்னால் மகிழ இயலவில்லை. வழிபடும் உருவத்தில் மனித முகத்தை ஒட்டியது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், அப்படத்தை முதலில் எழுதிய ஓவியர் யார் என்று நம்மில் ஒருவரேனும் கேட்டதாக நான் அறியேன்.

2008-இல் கோல்ட்பிளே குழு, டெலக்குருவா 1830-இல் தீட்டிய விடுதலை ஓவியத்தை எடுத்து, அதன்மேல் ‘விவா லா விடா’ என்று வெள்ளைச் சாயத்தால் கிறுக்கி அட்டையாக்கியது. அப்போதும் ஓவியர் பெயர் அழியவில்லை. பாரிசு லூவர் அருங்காட்சியகத்தில் மூல ஓவியம் அவர் பெயரோடு இருக்கிறது. நம்முடையதோ வெறும் ‘சாமி படம்’. உரியவர் பெயர் தெரியாத பொருளை எவனும் எடுத்தாளத் துணிவான்.

இரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தெய்வப் படங்களை ஏழை வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தார். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டைய ராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். இரமணாசிரமத்தில் துறவியாய் இருந்தவர். நாடகத் திரைச்சீலை வரைந்தவர். அவருடைய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சில் நாட்காட்டிகளாகிப் பரவினர். இவ்விருவர் பெயரையும் தம்போயில் என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் சொன்னேன். ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. பிள்ளைகளைக் குறை சொல்வானேன்? ஆசிரியர் அறையிலும் அதே நிலைதான்! தடை கோரிக் கையெழுத்திட நேரம் இருந்த நமக்கு, கலைக்கல்விப் பாடத்தில் இதைச் சொல்ல அரைமணி நேரம் இல்லையா?

பெற்றோர்களே, மளிகைக் கடையில் கிடைத்த பழைய சாமி நாட்காட்டிகளை எறிந்துவிடாமல் வரும் திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். படத்தின் அடியில், மூலையில், பொடி எழுத்தில் ஓவியர் பெயர் இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் தேடப் போகிறோம்.