எட்டாவது சர்வரை யார் மறந்தது?



ராத்திரி 2 மணிக்குத் திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் போயிருக்கீங்களா? ஊரே தூங்கும்; அங்கே மட்டும் பட்டப்பகல். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறங்கும். 'வழி... வழி...'ன்னு தலைச்சுமையோடு ஆட்கள் ஓடுவார்கள். விடியறதுக்குள்ளே பாதி வியாபாரம் முடிஞ்சிடும்.

2020-ல் கொரோனா பொதுமுடக்கம் வந்தப்போ இந்த மார்க்கெட்டையே மூடிட்டாங்க. மொத்த வியாபாரம் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குப் போச்சு. வெட்டவெளியில் புதுசா கடை போடணும். எனக்குத் தெரிஞ்ச மண்டிக்காரர் ஒருத்தர் அசரவே இல்லை. காரணம், அவர் கையில் இருந்த ஒரு 40 பக்க நோட்டு. எடை மெஷின் 1, தார்ப்பாய் 2, எரியும் லைட் 2, கணக்கு மேஜை வலது பக்கம்... இப்படி ஒரு கடையில் என்னென்ன, எப்படி இருக்கணும்னு எழுதி வெச்சிருந்தார். கடைப்பையனைக் கூப்பிட்டு, "தம்பி, இதுல இருக்கிற மாதிரி இருக்கான்னு பாரு. இல்லாததை மட்டும் வை"ன்னார். அவ்வளவுதான்!

பக்கத்துக் கடைக்காரருக்கு எல்லாம் மனப்பாடம். ஆனா, "அண்ணே, உங்ககிட்ட ஒயர் இருக்கா? தார்ப்பாய் இருக்கா?"ன்னு விடியும்வரை அலைஞ்சுக்கிட்டே இருந்தார்.

கம்ப்யூட்டர் பக்கத்துல வெங்காய வியாபாரமான்னு முறைக்காதீங்க பாஸ். இந்த வார மேட்டரே அந்த நோட்டுதான். நம்ம உலகத்தில் அதுக்குப் பேரு 'கான்ஃபிகரேஷன் மேனேஜ்மென்ட்'.

37-வது சிஸ்டத்தின் சோகம்

செமஸ்டர் பிராக்டிகலுக்கு முந்தின நாள் உங்க காலேஜ் லேபை நினைச்சுப் பாருங்க. லேப் அசிஸ்டென்ட் ஒருத்தர் பென் டிரைவோடு 60 சிஸ்டத்துக்கும் ஒவ்வொண்ணா போய் சாஃப்ட்வேர் ஏத்துவார். நடுவில் ஒரு போன், ஒரு டீ. ஒரு சிஸ்டம் விட்டுப்போகும். மறுநாள் அதில் உட்கார்றவன் கதி? நான்தான் சார் அந்த ஆள். என் படிப்பில் குறை இல்லை, புரோகிராமில் குறை இல்லை, ஆனா கம்பைலர் இல்லை! வேற சிஸ்டம் கிடைக்கறதுக்குள்ளே அரை மணி நேரம் போச்சு.

எனக்குப் போனது அரை மணி நேரம். அமெரிக்காவின் பங்குச்சந்தை நிறுவனமான நைட் கேபிடலுக்கு என்ன போச்சுன்னு கேளுங்க. 2012 ஆகஸ்ட் 1-க்கு முன்னால், அங்கே 8 சர்வர்களில் புது புரோகிராமை ஏத்தவேண்டிய வேலை. ஏழில் ஏத்தினாங்க. எட்டாவது விட்டுப்போச்சு. அதில் பல வருஷமா பயன்படுத்தாமல் கிடந்த பழைய கோடு, சந்தை திறந்ததும் உயிர் வந்து தாறுமாறா ஆர்டர் போட ஆரம்பிச்சது. பதற்றத்தில் நல்லா ஓடிக்கிட்டிருந்த ஏழு சர்வரிலிருந்தும் புது புரோகிராமை நீக்க, நிலைமை இன்னும் மோசம். சுமார் 45 நிமிஷம். நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்!

2013-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் வெளியிட்ட உத்தரவில் ஒரு விஷயம் பளிச்சுன்னு இருக்கு. அந்த வேலையை இன்னொருத்தர் சரிபார்க்கணும்னு நிறுவனத்தில் எழுதி வெச்ச நடைமுறையே கிடையாதாம். புரியுதா? அங்கே இல்லாமப் போனது கெட்டிக்காரத்தனம் இல்லை. நோட்டு!

'செய்' இல்லை, 'இரு'

மண்டிக்காரர் நோட்டில் 'லைட் மாட்டு'ன்னு எழுதலை. 'எரியும் லைட் 2'ன்னுதான் எழுதினார். 'மாட்டு'ன்னு எழுதியிருந்தா, பையன் மூணு தடவை படிச்சா ஆறு லைட் மாட்டியிருப்பான். 'இருக்கணும்'னு எழுதினதால், எத்தனை தடவை படிச்சாலும் ரெண்டே லைட்தான். இந்தக் குணத்துக்கு 'ஐடெம்பொடென்ஸ்'னு வாயில் நுழையாத பேர் ஒண்ணு உண்டு. பேர் மறந்தாலும் லைட்டை மறக்காதீங்க. சாதாரண ஸ்கிரிப்ட்டுக்கும் இந்தக் கருவிகளுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான்.

இந்த யோசனை ஒண்ணும் நேத்து வந்ததில்லை. 1993-ல் நார்வேயின் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் 'சிஎஃப்இன்ஜின்' எழுதினார். 2005-ல் பப்பெட், 2009-ல் ஷெஃப், 2011-ல் சால்ட், 2012-ல் ஆன்சிபிள்னு வரிசையா வந்தது. 2014-ல் வந்த டெர்ராஃபார்ம் கொஞ்சம் வேற ரகம். மைதானத்தில் இடம் பிடிச்சுக் கொடுக்கறது டெர்ராஃபார்ம். அந்த இடத்தில் கடையை அடுக்கறது ஆன்சிபிள். 2023-ல் டெர்ராஃபார்ம் தன் லைசென்ஸை மாத்தினதால், அதிலிருந்து பிரிஞ்சு 'ஓப்பன்டோஃபு' வந்தது.

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம்னு நினைக்காதீங்க. நம்ம திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட 'பரம் பொருள்' சூப்பர் கம்ப்யூட்டரின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ். அது ஒரே ஒரு பெரிய பெட்டி இல்லை. சேர்ந்து வேலை செய்யற சர்வர்களின் கூட்டம். இந்த மாதிரி கூட்டத்தில் ஒவ்வொண்ணா போய் கையால் தட்டி மாளுமா, சொல்லுங்க?

சரி, எங்கே ஆரம்பிக்கறது?

ஆன்சிபிளில் ஆரம்பிங்க. இலவசம். வேலை வாங்கப்போற சர்வரில் தனியா ஏஜென்ட் எதுவும் போடவேண்டாம்; எஸ்எஸ்ஹெச் தொடர்பும் பைத்தானும் இருந்தா பெரும்பாலான வேலைக்குப் போதும். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, குட்டியா மூணு உபுண்டு சர்வர் உருவாக்குங்க. முதலாவது மேஸ்திரி; மற்ற ரெண்டும் வேலையாட்கள். ஆன்சிபிள் மேஸ்திரியில் மட்டும் இருந்தா போதும்.

முதல் வாரம்: எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கி, பாஸ்வேர்டு கேட்காமல் மேஸ்திரியிலிருந்து ரெண்டு சர்வருக்குள்ளும் நுழையப் பழகுங்க. அவற்றின் முகவரிகளை ஒரு ஃபைலில் எழுதுங்க, அதுதான் 'இன்வென்டரி'. பிறகு ஆன்சிபிளின் 'பிங்' மூலம் ரெண்டும் பதில் தருதான்னு பாருங்க.

இரண்டாவது வாரம்: முதல் 'பிளேபுக்'. மூணே வரி விஷயம். என்ஜின்எக்ஸ் இருக்கணும், நான் எழுதின முகப்புப் பக்கம் அதில் இருக்கணும், சர்வீஸ் ஓடிக்கிட்டு இருக்கணும். இதை எழுதற 'யாமல்' மொழியில் வரி தள்ளி ஆரம்பிக்க ஸ்பேஸ் மட்டும்தான். டேப் தட்டினா கோச்சுக்கும்! ஓட்டுங்க. திரும்பவும் ஓட்டுங்க. ரெண்டாவது தடவை 'சேஞ்ச்டு' எண்ணிக்கை 0-ன்னு வந்தா, நீங்க பாஸ்.

மூணாவது வாரம்: இதுதான் நிஜப் பரீட்சை. வேலையாள் சர்வர் ஒண்ணை அழிச்சிடுங்க. ஆமாம், அடியோட! புது உபுண்டு போட்டு, சாவியை மட்டும் கொடுத்து, பிளேபுக்கை ஓட்டுங்க. பழைய சர்வர் அப்படியே எழுந்து வந்தா, உங்க நோட்டு சரி. ஏதாவது குறைஞ்சா, அது கையால் செஞ்சு எழுத மறந்த வேலை. உடனே எழுதுங்க.

கொஞ்சம் பயமும் வேணும்

நோட்டில் தப்பு இருந்தா என்ன ஆகும்? கையால் செஞ்சா ஒரு சர்வர் கெடும். ஆன்சிபிளால் செஞ்சா எட்டும் ஒரே நேரத்தில் கெடும். அதனால, முதலில் 'செக்' முறையில் ஓட்டி என்ன மாறப்போகுதுன்னு பாருங்க. அடுத்து ஒரே ஒரு சர்வரில். அப்புறம்தான் எல்லாத்திலும். ஃபைல்களை 'கிட்'டில் வெச்சு, ஃப்ரெண்ட் ஒருத்தரை விட்டு சரிபாருங்க. பாஸ்வேர்டை மட்டும் பச்சையா எழுதாதீங்க. அதுக்கு 'ஆன்சிபிள் வால்ட்' இருக்கு.

இன்னொரு சோம்பேறித்தனமும் நமக்கு உண்டு. 'சின்ன மாத்தம்தானே, நேரா சர்வருக்குள்ளே போய் மாத்திடலாம்.' மாத்துவீங்க. நோட்டில் இருக்காது. ஆறு மாசம் கழிச்சு நீங்களே மறந்திருப்பீங்க. எட்டாவது சர்வர் அங்கேதான் பிறக்குது.

இன்டர்வியூவில் "ஆன்சிபிள் தெரியும்"னு மொட்டையா சொல்லாதீங்க. "சர்வரை அழிச்சுட்டு, 10 நிமிஷத்தில் திரும்பக் கொண்டு வந்தேன். இதோ ஃபைல்"னு சொல்லிப் பாருங்க. எதிரில் உட்கார்ந்திருக்கறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அந்த மண்டிக்காரர் இப்போ காந்தி மார்க்கெட்டுக்கே திரும்பிட்டார். நோட்டை மட்டும் தூக்கிப் போடலை. போன மாசம் கடையில் புதுசா ஒரு ஃபேன் மாட்டினாங்க. பையன் ஏணியிலிருந்து இறங்கறதுக்குள்ளே அவர் கேட்ட கேள்வி: "தம்பி, நோட்டுல ஏத்திட்டியா?"

அடுத்த வாரம் பார்ப்போமா!