புயலை முதலில் கணினியில் அடிக்கவிடுங்கள்

2017 நவம்பர் 4, சனிக்கிழமை. வியட்நாம் கரையை டாம்ரே சூறாவளி தாக்கிய அதே நாளில் பினாங்கில் பிடித்த மழை, மறுநாள் விடிந்தும் ஓயவில்லை. ஒரு மாதம் முழுக்கப் பெய்யவேண்டியது ஒரே நாளில் கொட்டியது. சில இடங்களில் 300 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஏழு உயிர்கள் போயின. அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங் அதிகாலையில் இராணுவ உதவி கேட்கும் நிலை வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு கால்வாய் அகலப்படுத்தினார்கள், பம்பு வைத்தார்கள். வேண்டியவைதான். ஆனால் அடுத்த மழை எவ்வளவு என்ற கேள்வியை யாரும் சரியாகக் கேட்கவில்லை.

பூமத்திய ரேகைக்கு இவ்வளவு அருகில் புயல் சுழலாது என்று நாம் நெடுங்காலம் நம்பியிருந்தோம். பூமியின் சுழற்சி காற்றைத் திருப்பிவிடும் விசை இங்கே வலுவற்றது என்பது உண்மைதான். ஆனால் 2001 டிசம்பரில் வாமெய் புயல் ஜொகூரில் கரையேறியது, வெறும் ஒன்றரைப் பாகை வடக்கில். 2025 நவம்பர் இறுதியில் சென்யார் புயல் நம் மலாக்கா நீரிணையிலேயே உருவாகி, சுமத்திராவைத் தாக்கிவிட்டுத் திரும்பித் தீபகற்பத்தையும் கடந்தது. சுமத்திராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே வாரம் டித்வா புயல் இலங்கையைப் புரட்டி, மலையகத்துச் சரிவுகளை வீடுகளின் மேல் இறக்கியது. நாம் தப்பியது புயல் போன பாதையால். நம் ஆயத்தத்தால் அல்ல. அந்தப் பாதை இருநூறு கிலோமீட்டர் வடக்கே தள்ளியிருந்தால் நம் சுங்கை குளுவாங் ஆற்றுப்பகுதி என்ன ஆகியிருக்கும்?

இதற்கு ஊகத்தால் விடை சொல்லத் தேவையில்லை, கணக்கால் சொல்லலாம். 2017 மழையையும் சென்யாரையும் நுண்ணிய வட்டாரக் காலநிலை மாதிரியில் மறுபடி ஓட்டிப் பார்க்கவேண்டும். அதன் முடிவு வரும்வரை பினாங்குத் தீவின் இந்தத் தென்கிழக்கு மூலையில் பெரிய கட்டுமானங்களுக்குப் புதிய அனுமதி தரக்கூடாது. இதுவே நம் நிலைப்பாடு.

நுண்ணிய மாதிரிதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. உலக அளவிலான மாதிரிகள் பூமியை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அப்படி ஒரு கட்டத்துக்குள் முப்பது பினாங்குத் தீவுகள் அடங்கும். 800 மீட்டருக்கு மேல் எழும் நம் மலைத்தொடரே அதில் தட்டையாகிவிடுகிறது. ஈரக்காற்றை மேலே தள்ளி மழையாக்குவதோ அந்த மலைதான். விடிவதற்குள் நீரிணையிலிருந்து திரண்டு வந்து அடிக்கும் ‘சுமத்திரா’ காற்றைத் தெலுக் கும்பார் மீனவர் யாரும் அறிவர். அதுவும் இந்தப் பெரிய வலைக்கண் வழியாக நழுவிப்போகிறது. இடிமேகம் சில கிலோமீட்டர் அகலந்தான். பெருங்கட்ட மாதிரியால் அதை உருவாக்க முடியாது. சராசரிச் சூத்திரம் ஒன்றை வைத்து ஒப்பேற்றுகிறது. அதனால் தூறல் அதிகமாகவும் கொட்டுமழை குறைவாகவும் விழுகிறது. கட்டம் இரண்டு முதல் நான்கு கிலோமீட்டராகச் சுருங்கும்போது மேகம் தானாகவே எழுந்து பெய்யத் தொடங்குகிறது. வடிகால் பொறியாளருக்கு வேண்டிய மணிக்கணக்கு மழை அங்கேதான் கிடைக்கும்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. தேசிய நீர் ஆய்வுக் கழகம் 2006-இலேயே தீபகற்பத்துக்கு ஒன்பது கிலோமீட்டர் மாதிரியைச் செய்தது. சிங்கப்பூர் 2024 ஜனவரியில் வெளியிட்ட மூன்றாவது தேசியக் காலநிலை ஆய்வில், தீபகற்பமும் சுமத்திராவும் அடங்கிய பரப்பை இரண்டு கிலோமீட்டர் கட்டத்தில் கணக்கிட்டிருக்கிறார்கள். ஐம்பது ஆண்டுகளாக உலகத்துக்கே சில்லு பொருத்திக்கொடுக்கும் பாயான் லெப்பாஸ் தன் மழையைக் கணக்கிட அண்டை நாட்டை எதிர்பார்த்திருப்பது விந்தைதான். நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆற்றுப் பொறியியல், நகர வடிகால் ஆய்வு மையம் இருக்கிறது. ஆள் இருக்கிறார்கள். கேட்கவேண்டிய அரசுதான் கேட்கவில்லை.

ஓட்டவேண்டியது ஒரே ஓட்டமல்ல. அதே புயலை இன்றைய கடல் வெப்பத்திலும், இன்னும் ஒன்று இரண்டு பாகை கூடிய கடலிலும் ஓட்டவேண்டும். ஒரு பாகை கூடினால் காற்று ஏறக்குறைய ஏழு விழுக்காடு அதிக ஈரத்தைச் சுமக்கும். பாதையை வடக்கும் தெற்குமாக நகர்த்திப் பார்க்கவேண்டும். மிக முக்கியமாக, மழையின் உச்சத்தைக் கடற்பெருக்கின் உச்சத்தோடு சேர்த்து வைக்கவேண்டும். பெருக்கு ஏறி நிற்கும் வேளையில் ஆற்று வாயில் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ரெலாவ் மலையிலிருந்து இறங்குவது பாயான் பாருவின் தாழ்ந்த தெருக்களில்தான் தேங்கும். பெர்மாத்தாங் டாமார் லாவுட்டுக்கு எதிரே 2023 முதல் கடலைத் தூர்த்து எழுப்பப்படும் சிலிக்கான் தீவையும் அந்தக் கணக்கில் சேர்த்தாகவேண்டும்.

இப்போதைய வடிகால் விதிகள் கடந்தகால மழைப் பதிவுகளை நம்பி நிற்கின்றன. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்றால் நம் ஆயுளில் வராது என்று பலரும் ஆறுதல் கொள்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வாய்ப்பு, முப்பது ஆண்டு வீட்டுக் கடன் முடிவதற்குள் 26 விழுக்காடாகிவிடும். நாலு வீட்டுக்காரரில் ஒருவர். மழை கூடக் கூட அந்தக் கணக்கும் பழையதாகிறது.

மாதிரி தவறும் என்பார்கள். தவறும்தான். அதனால்தான் ஒன்றுக்குப் பல ஓட்டம் கேட்கிறோம். முதலில் 2017 மழை சரியாகத் திரும்பப் பெய்கிறதா என்று நம் மழைமானிகளோடு ஒப்பிட்டுச் சோதிக்கச் சொல்கிறோம். நமக்கு இருக்கும் அச்சம் வேறு. ஆய்வு முடியட்டும் என்று சொல்லி எல்லாவற்றையும் அலமாரியில் வைப்பது நம் அலுவலகங்களுக்குக் கைவந்த கலை. கால்வாயில் அடைத்த மண்ணை அள்ளுவதற்கு எந்தக் கணினியும் வேண்டாம். 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்காவிலும் அடுத்த ஆண்டு புக்கிட் குக்குஸிலும் கட்டுமானத் தளங்களில் தொழிலாளர்கள் மண்ணில் புதைந்தார்கள். மலைச்சரிவு விதிகளைக் கறாராக நிறைவேற்ற அதுவே போதும்.

எனவே வரும் மாநில வரவு செலவுத் திட்டத்தில் இந்த ஆய்வுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறையும் பல்கலைக்கழகமும் பொறுப்பேற்கட்டும். சிங்கப்பூரின் தரவைக் கேட்டு வாங்கட்டும். தெருவாரியான வெள்ள வரைபடம் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டு, வீடு வாங்குவோர் யாரும் பார்க்கும்படி வெளியிடப்படவேண்டும். அந்த வரைபடத்தை மீறி அனுமதி தர நினைக்கும் மாநகர் மன்றம், காரணத்தை எழுத்தில் தரட்டும்.