ரெயிலை பிடிச்சாச்சு, கேட்டை பிடிக்க முடியலையே! ஆவடி ராணுவ தொழிற்சாலை தொழிலாளர்களின் அன்றாட அவதி

ஆவடி:

காலை 6 மணி தாண்டியதும் ஆவடி ரெயில் நிலையத்துக்கு போய் பாருங்கள். அரக்கோணம் பக்கமிருந்து வரும் மின்சார ரெயில் நிற்பதற்குள் கதவோரம் நிற்பவர்கள் குதித்து ஓடுகிறார்கள். தோளில் டிபன் பை, கழுத்தில் அடையாள அட்டை. படிக்கட்டில் ஏறி இறங்கி வெளியே வந்தால் ஷேர் ஆட்டோ நிரம்பி விட்டது. அடுத்த ஆட்டோ ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும். அதற்குள் ஷிப்ட் கேட் மூடிவிடுமோ என்ற பதற்றம் வேறு.

திருவள்ளூரில் இருந்து ஆவடிக்கு வர ரெயிலில் ஆகும் நேரத்தை விட, ஆவடி ஸ்டேஷனில் இருந்து தொழிற்சாலை கேட்டுக்கு போகும் நேரம்தான் தொழிலாளிக்கு பெரிய தலைவலி. ரெயில் நேரம் தெரியும். ஆட்டோ எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. இந்த கடைசி 2, 3 கிலோ மீட்டர்தான் பிரச்சினை. மெட்ரோ வரும், மேம்பாலம் வரும் என்று பெரிய பெரிய பேச்சு நடக்கிறது. இந்த சின்ன தூரத்தைப் பற்றி பேச ஆளில்லை.

ஊரே ராணுவம்

சென்னையை சுற்றி ராணுவத்துக்கு பெரிய இடம் உள்ள ஊர் ஆவடி. 1961-ல் தொடங்கிய கனரக வாகன தொழிற்சாலையை ஊர் மக்கள் இன்றும் 'டேங்க் பாக்டரி' என்றுதான் சொல்வார்கள். 1965-ல் விஜயந்தா டாங்கி இங்கிருந்துதான் வெளியே வந்தது. பிறகு டி-72, டி-90, அர்ஜுன். டாங்கிக்கு என்ஜின் செய்யும் தொழிற்சாலை, ராணுவ சீருடை தைக்கும் ஓ.சி.எப்., டாங்கிகளை வடிவமைக்கும் சி.வி.ஆர்.டி.இ. ஆராய்ச்சி நிலையம், விமானப்படை நிலையம், ராணுவ கிடங்குகள், சி.ஆர்.பி.எப். முகாம் என்று வரிசையாக இருக்கிறது.

2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகளுக்கு 7 ஆயிரத்து 523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடிக்கு கிடைத்தது. ஊரே சந்தோஷப்பட்டது. ஆர்டர் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் ஆள் வருவார்கள். ஆள் எப்படி வந்து சேருவார்கள் என்பதுதான் யாரும் போடாத கணக்கு.

குவார்ட்டர்ஸ் காலம் போச்சு

தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் இந்த சிக்கல் இவ்வளவு இல்லை. நிரந்தர தொழிலாளிக்கு பக்கத்திலேயே குவார்ட்டர்ஸ். சைக்கிளை மிதித்தால் 10 நிமிடத்தில் கேட். சங்கு ஊதும்போது வீட்டில் டீ குடித்துக் கொண்டிருந்தவர்கள் கூட நேரத்துக்கு உள்ளே போய்விடுவார்கள் என்று பழைய ஆட்கள் சிரித்துக் கொண்டே சொல்வார்கள்.

இன்று கதை வேறு. கான்ட்ராக்டரிடம் வேலை பார்ப்பவருக்கு குவார்ட்டர்ஸ் கிடையாது. ஆவடியில் வீட்டு வாடகை கொடுத்து கட்டுப்படி ஆகாது. அதனால் வாடகை குறைந்த இடமாக பார்த்து திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர், திருவள்ளூர், கடம்பத்தூர் என்று தள்ளித் தள்ளி குடியிருக்கிறார்கள். சம்பளம் குறைந்தவர்தான் அதிக தூரம் வருகிறார்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கு பயணப்படி என்று தனியாக உண்டு. 7-வது ஊதியக்குழுவுக்கு பிறகு 2017 ஜூலை முதல் சென்னை போன்ற பெரிய நகரங்களில் கடைநிலை ஊழியருக்கு மாதம் 1,350 ரூபாய், அதற்கு மேல் நடுத்தர நிலையில் இருப்பவருக்கு 3,600 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படியும் சேரும். குவார்ட்டர்சில் இருப்பவரும், பக்கத்து தெருவில் இருப்பவரும் நிரந்தர ஊழியராக இருந்தால் ஏதோ ஒரு ஏற்பாடு இருக்கிறது. 40 கிலோ மீட்டர் போய் வரும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அப்படி கேட்டு வாங்கும் உரிமை இல்லை. கான்ட்ராக்டர் மனசு வைத்தால்தான் உண்டு.

2021 அக்டோபர் 1-ந் தேதி நாட்டில் உள்ள 41 படைக்கல தொழிற்சாலைகளும் 7 அரசு கம்பெனிகளாக பிரிக்கப்பட்டன. டேங்க் பாக்டரியும் என்ஜின் தொழிற்சாலையும் 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகாம்' என்ற கம்பெனிக்கு போனது. இதன் தலைமை அலுவலகமே ஆவடியில்தான். ஓ.சி.எப். வேறு கம்பெனிக்கு போனது, அதன் தலைமை கான்பூரில். ஒரே ஊர், பக்கத்து பக்கத்து கேட், முதலாளி வேறு வேறு. சேர்ந்து ஒரு பஸ் விடலாம் என்றால் கூட யார் யாரிடம் பேசுவது?

சைடிங் ரெயில்

பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்று ஒரு கிளை ரெயில் பாதை இருக்கிறது. ராணுவ கிடங்குக்கு சரக்கு கொண்டு போவதற்காக போட்ட பாதை. அதில் பயணிகள் மின்சார ரெயிலும் ஓடுகிறது. கிடங்கு வாசல் வரைக்கும் ரெயில் போகும் வசதி நாட்டில் எத்தனை ஊருக்கு இருக்கிறது?

ஆனால் மெயின் லைனில் ஓடுவது போல அடிக்கடி ரெயில் கிடையாது. ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு காத்துக் கிடக்க வேண்டும். ஓவர்டைம் முடிந்து வருபவருக்கு அது உதவாது. அரக்கோணம் பக்கமிருந்து வருபவர் பட்டாபிராமில் இறங்கித்தான் மாற வேண்டும். இந்த பாதை சி.டி.எச். சாலையை வெட்டிக் கொண்டு போவதால், ரெயில்வே கேட் போட்டால் சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. அதற்கான மேம்பாலப் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பார்க் வேறு திறந்தாகி விட்டது. ஐ.டி. வேலைக்கு வரும் கூட்டமும் இதே சாலையில்தான் சேருகிறது.

பாக்கெட்டை கடிக்கும் கணக்கு

சரி, மாற்று வழி என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாக பார்ப்போம். இது உதாரணக் கணக்குதான். உங்கள் ஊர் தூரத்துக்கு தக்கபடி மாற்றிப் போட்டுக் கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிள்: திருவள்ளூரில் இருந்து போக வர 40 கிலோ மீட்டர். வண்டி 45 கிலோ மீட்டர் மைலேஜ் கொடுத்தாலும், 2024 மார்ச் விலைக்குறைப்புக்கு பிறகும் சென்னையில் லிட்டர் 100 ரூபாயை தாண்டிய பெட்ரோலுக்கு நாள் ஒன்றுக்கு 90 ரூபாய். 26 நாளுக்கு 2,340 ரூபாய். டயர், ஆயில், தவணை எல்லாம் தனி. சி.டி.எச். சாலையில் லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவே இரவு ஷிப்ட் முடித்து தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டுவதற்கு விலை போட முடியாது.

ரெயில், ஷேர் ஆட்டோ: ரெயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்து விட்டால் அதைவிட மலிவு எதுவும் இல்லை. ஆனால் ஆட்டோவுக்கு ஒரு தடவைக்கு 20 ரூபாய் என்று வைத்தால் கூட மாதம் 1,040 ரூபாய். 20 கிலோ மீட்டர் ரெயிலில் வருவதை விட 3 கிலோ மீட்டர் ஆட்டோவில் போவதற்கு செலவு அதிகம்! அதிலும் ஆட்டோ மெயின் கேட்டோடு சரி. பாதுகாப்பு பகுதிக்குள் வெளி வண்டிக்கு அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் தூரம் கால்நடைதான்.

பஸ்: 2021 மே மாதம் முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசம் ஆனது. தொழிற்சாலை வேலைக்கு வரும் பெண்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பஸ் நேரமும் ஷிப்ட் நேரமும் பொருந்த வேண்டுமே? இலவச பஸ் 10 நிமிடம் லேட் ஆனால், காசு கொடுத்து ஆட்டோவில்தான் ஏற வேண்டி இருக்கிறது. கான்ட்ராக்ட் வேலையில் லேட் என்றால் பாதி நாள் கூலி போச்சு என்பதுதான் எங்கும் வழக்கம்.

சைக்கிள்: ஸ்டேஷன் பக்கம் ஒரு பழைய சைக்கிளை போட்டு வைத்து, அங்கிருந்து கேட்டுக்கு மிதித்து போகலாம். இருப்பதிலேயே மலிவான வழி இதுதான். நேரமும் நம் கையில். ஆனால் ராத்திரியில் சைக்கிளை நம்பி விட்டுப்போக குறைந்த வாடகையில் பூட்டும் கூரையும் உள்ள ஸ்டாண்டு வேண்டும். சாலை ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் வேண்டும்.

மெட்ரோ வந்தால் தீருமா?

கோயம்பேட்டில் இருந்து அம்பத்தூர், ஆவடி வழியாக பட்டாபிராம் வரை 21.76 கிலோ மீட்டருக்கு மெட்ரோ ரெயில் போட 2025 பிப்ரவரியில் விரிவான திட்ட அறிக்கை அரசிடம் கொடுக்கப்பட்டது. 19 ஸ்டேஷன்கள். மதிப்பு 9 ஆயிரத்து 700 கோடி ரூபாய்க்கு மேல்.

வரட்டும், நல்லதுதான். ஆனால் இந்த மெட்ரோ சென்னை பக்கமிருந்து வருபவருக்குத்தான் உதவும். திருவள்ளூர், கடம்பத்தூர் தொழிலாளி அதே மின்சார ரெயிலில்தான் வர வேண்டும். மெட்ரோவும் மெயின் ரோட்டில் இறக்கி விட்டுவிடும். அங்கிருந்து கேட்டுக்கு? மறுபடியும் அதே ஷேர் ஆட்டோ! 9 ஆயிரம் கோடி செலவு செய்த பிறகும் கடைசி 3 கிலோ மீட்டர் அப்படியே நிற்கும்.

அமெரிக்காவில் என்ன செய்தார்கள்?

உலகத்திலேயே பெரிய ராணுவ அலுவலகம் அமெரிக்காவின் பென்டகன். அங்கேயும் இதே பிரச்சினைதான் இருந்தது. 1977-ல் பென்டகனுக்கே ஒரு மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள். அதை ஒட்டியே பஸ் நிலையம். 2000-ல் அதிபர் கிளிண்டன் போட்ட உத்தரவுப்படி, பஸ், ரெயிலில் வேலைக்கு வரும் வாஷிங்டன் வட்டார மத்திய அரசு ஊழியர்களுக்கு டிக்கெட் செலவை அரசே உச்சவரம்புக்குள் கொடுக்கிறது.

அதை விட சுவாரசியம், அங்குள்ள 'லிப்ட்' வரிசை. காரில் பல பேர் சேர்ந்து வந்தால் தனிப்பாதையில் வேகமாக போகலாம் என்று ஒரு விதி. உடனே முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் நிற்க, கார்க்காரர்கள் காசு வாங்காமல் ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். 1970-களில் தொடங்கிய பழக்கம். அதிகாரி யாரும் திட்டம் போடவில்லை, ஜனங்களே செய்து கொண்டது.

நம்ம ஊரில் ஒரே ஷிப்ட், ஒரே கேட், ஒரே ஊரில் இருந்து தனித்தனியாக வண்டி ஓட்டி வருபவர்கள் எத்தனை பேர்? பின்சீட் காலியாகத்தானே வருகிறது? 2 பேர் சேர்ந்து வந்தால் 2,340 ரூபாய் 1,170 ஆகிவிடும். பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம், மறந்துடாதீங்க.

விபத்து நடந்தால்?

இது பலருக்கு தெரியாத விஷயம். வீட்டில் இருந்து வேலைக்கு வரும்போதும், வேலை முடிந்து வீட்டுக்கு போகும்போதும் நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்த விபத்தாக கருத வேண்டும் என்று 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் திருத்தம் வந்தது. 2020-ல் இயற்றிய சமூக பாதுகாப்பு சட்டத்தொகுப்பிலும் இது இருக்கிறது. வேலைக்கான பயணம்தான் என்று நேரம், இடம், சூழ்நிலை மூலம் காட்ட வேண்டும்.

ஆகவே சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று ரசீதில் பாருங்கள். பிடித்தால் அட்டை நம்பரை வீட்டில் எழுதி வையுங்கள். சீசன் டிக்கெட்டை பத்திரமாக வையுங்கள். விபத்து என்றால் கான்ட்ராக்டரிடம் உடனே தகவல் சொல்ல வேண்டும். 'ரோட்டில் விழுந்ததுக்கு நாங்க பொறுப்பா?' என்று கேட்டால், சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள்.

யார் செய்ய வேண்டும்?

ரெயில் நேரம் தெற்கு ரெயில்வே கையில். பஸ் மாநகர போக்குவரத்துக் கழகம் கையில். சாலையும் ஸ்டாண்டும் 2019-ல் மாநகராட்சியான ஆவடியின் கையில். ஆட்டோ நிற்கும் இடம் போக்குவரத்து போலீஸ் கையில். கேட்டுக்கு உள்ளே ராணுவ கம்பெனிகள் கையில். ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறார்கள். தொழிலாளி மட்டும்தான் எல்லா துண்டையும் தினமும் கடந்து போகிறார்.

இதை எல்லாம் சேர்த்து வைக்கத்தான் 'கும்டா' என்ற சென்னை ஒருங்கிணைந்த போக்குவரத்து குழுமத்துக்கு 2010-லேயே சட்டம் போட்டார்கள். பஸ், ரெயில், மெட்ரோ எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்று 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலியை கொண்டு வந்ததும் இந்த குழுமம்தான். டிக்கெட்டை சேர்த்தவர்கள் நேரத்தையும் சேர்க்கலாமே?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஸ்டேஷனுக்கும் கேட்டுக்கும் இடையே நாலைந்து மினி பஸ். 2025 ஜூனில் அரசு தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் போல இங்கும் யோசிக்கலாம். உள்ளே வரை போக முடியாது என்றால், கேட்டில் இருந்து கம்பெனி வண்டி எடுத்துக் கொள்ளட்டும். சைடிங் ரெயிலில் இரண்டு வண்டியை ஷிப்ட் நேரத்துக்கு தக்கபடி மாற்றலாம். கான்ட்ராக்ட் டெண்டர் விடும்போதே, ஆளுக்கு மாத பயணச்செலவு இவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் கான்ட்ராக்டரும் தட்டிக் கழிக்க முடியாது.

எல்லையில் நிற்கும் ஜவானுக்கு டாங்கி செய்து கொடுப்பவர், காலையில் கேட்டுக்கு மூச்சு வாங்க ஓடி வர வேண்டி இருக்கிறது. அந்த ஓட்டத்தை 5 அதிகாரிகள் ஒரு மேஜையில் உட்கார்ந்து பேசினால் நிறுத்தி விடலாம். அந்த மேஜையை யார் போடப் போகிறார்கள் என்பதுதான் ஆவடி தொழிலாளர்களின் எதிர்பார்ப்பு.