புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

பாட்டியின் சுருக்குப்பையில் இருந்த செப்புக் காசைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து எடுத்துவந்து, "என்ன விலை போகும்?" என்று கேட்கிறார்கள். நாணயம் சேர்க்கும் எனக்கு வயிறு எரிகிறது. காலம் ஏற்றிய அந்தப் பச்சைப் படலத்தோடு மதிப்பில் பெரும்பகுதியும் போய்விட்டது.

பழசென்றால் லட்சம் என்பதும் பொய். ராஜராஜன் செப்புக்காசு ஆயிரம் ஆண்டுப் பழசு. ஒருபுறம் நிற்கும் உருவம்; மறுபுறம் அமர்ந்த உருவம், அதன் கையருகே நாகரி எழுத்தில் அரசன் பெயர். ஏராளமாகக் கிடைப்பதால் தேய்ந்த காசு சில நூறு ரூபாய்க்கே வரும். கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த 'மாக்கோதை' காசுகளோ அபூர்வம். தமிழ் பிராமியில் சேரன் பெயரைத் தாங்கிய சின்னஞ்சிறு வெள்ளி அது. அந்த எழுத்து மழுங்கினால் சரித்திரத்தில் ஒரு வரியே அழிந்த மாதிரி.

வைஷ்ணவி தேவி படம் போட்ட 5 ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் விளம்பரங்களை நம்பி முன்பணம் கட்டுகிறவர்களை நினைத்தால் மனசு பதறுகிறது. அது 2012-ஆம் ஆண்டு எண்ணோடு அச்சான காசு! ரிசர்வ் வங்கி 2021-லேயே இத்தகைய மோசடிகளைப் பற்றி எச்சரித்தது.

மண்ணில் புதையலாகக் கிடைத்தால் ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்; 1878-ஆம் ஆண்டுச் சட்டம் அது. வீட்டுக் காசென்றால் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். விவரம் தெரிந்தவர் பார்க்கும்வரை தண்ணீர்கூடப் படவேண்டாம்.